மூட்டையில் அச்சடித்த புரதமும் மாட்டுக்குப் போய்ச் சேரும் புரதமும்

20 சதவீதப் புரதம் உள்ள மாட்டுத்தீவன மூட்டையை விட்டு 24 சதவீத மூட்டைக்கு மாறினால் பால் கூடுமா? மாடு வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி விழுந்தால் போதும், இரண்டு கட்சி பிரிந்துவிடும். மாற்றிய நாலாம் நாளே ஒன்றரை லிட்டர் ஏறியது என்பார் ஒருவர். காசு போனதுதான் மிச்சம், பால் அப்படியே நிற்கிறது, சாணம்தான் இளகிவிட்டது என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் உறுத்துகிற விஷயம். ஒரே கம்பெனி, ஒரே மூட்டை, ஏறக்குறைய ஒரே எடையுள்ள மாடு, ஆனால் பலன் நேரெதிர். "மாட்டுக்கு மாடு வேறுபடும்" என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது சுலபம். ஆனால் அது பதிலாகாது. பதில் அந்த மூட்டைக்குள் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி தொட்டியில் அந்த மூட்டையோடு சேர்ந்து வேறு என்ன விழுகிறது என்பதில் இருக்கிறது.

அந்த எண் எதை அளக்கிறது

மூட்டையில் போட்டிருக்கும் "கச்சா புரதம்" என்ற எண்ணைப் புரதத்தை எடைபோட்டுக் கண்டுபிடிப்பதில்லை. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த யோஹன் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறைதான் இன்றைக்கும் அதற்கு அடிப்படை. தீவன மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவிடுவார்கள். அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியம் சல்பேட்டாக மாறும். பிறகு காரம் சேர்த்து அம்மோனியாவாக வடித்து, எவ்வளவு வந்தது என்று அளந்து, அதை 6.25-ஆல் பெருக்குவார்கள். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கும், 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6.25, அவ்வளவுதான் கணக்கு. ஆக மூட்டையில் இருப்பது நைட்ரஜன் கணக்கு. அந்த நைட்ரஜன் கடலைப் பிண்ணாக்கிலிருந்து வந்ததா, யூரியாவிலிருந்து வந்ததா, இயந்திரத்தில் கருகிப்போன பிண்ணாக்கிலிருந்து வந்ததா என்று அந்த அமிலத்துக்குத் தெரியாது. 2008-இல் சீனாவில் பால்பொடியில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்த மோசடி இந்த ஓட்டைக்குள்தான் நுழைந்தது: மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன், தண்ணீர் ஊற்றி நீர்த்த பாலையும் அது சோதனையில் கெட்டிப் பாலாகக் காட்டிவிடும்.

இரண்டாவது குழப்பம் ஈரம். மூட்டையில் வரும் அடர்தீவனத்தில் சுமார் 10 சதவீதம்தான் ஈரம். பசும்புல்லில் 80 சதவீதம் தண்ணீர். குதிரைமசாலில் புரதம் 18 முதல் 20 சதவீதம் என்று படித்துவிட்டு, "அப்படியானால் பத்து கிலோ மசால் போட்டால் பத்து கிலோ அடர்தீவனம் போட்ட மாதிரி" என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. அந்த 18–20 என்பது காய்ந்த எடைக்கு. வெட்டி வந்த பத்து கிலோ மசாலில் உலர்பொருள் இரண்டு கிலோ, புரதம் 400 கிராமுக்குள். பத்து கிலோ அடர்தீவனத்தில் 2,000 கிராம். எந்த அட்டவணையைப் பார்த்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அது உலர் எடைக்கா அல்லது கொடுக்கும் எடைக்கா என்பதைத்தான்.

சதவீதத்தை விட்டு கிராமுக்கு வருவோம்

மாடு சதவீதத்தைத் தின்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி. 400 கிலோ எடையுள்ள, நாளைக்கு 10 லிட்டர் கறக்கும் மாட்டை எடுத்துக்கொள்ளலாம். உடம்பைப் பராமரிக்க ஏறக்குறைய 350 கிராம் கச்சாப் புரதம் வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும், கொழுப்பைப் பொறுத்து 80 முதல் 90 கிராம். லிட்டருக்கு 85 என்று வைத்தால் மொத்தம் 1,200 கிராம். எரிசக்திக்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு. அதை மொத்தச் செரிமானச் சத்து, சுருக்கமாக டி.டி.என். என்பார்கள். பராமரிப்புக்குச் சுமார் 3.1 கிலோ, லிட்டருக்கு 320 கிராம் வீதம் 3.2 கிலோ, ஆக 6.3 கிலோ.

இப்போது தொட்டியைப் பார்ப்போம். கம்பு நேப்பியர் புல் 20 கிலோ: உலர்பொருள் 4 கிலோ, அதில் 8 சதவீதம் வீதம் 320 கிராம் புரதம், டி.டி.என். சுமார் 2.2 கிலோ. வைக்கோல் 4 கிலோ: உலர்பொருள் 3.6 கிலோ, புரதம் 3.5 சதவீதம் வீதம் 126 கிராம், டி.டி.என். ஒன்றரை கிலோ. அடர்தீவனம், 20 சதவீதம் போட்டது, 4 கிலோ: புரதம் 800 கிராம், டி.டி.என். 2.7 கிலோ. கூட்டினால் புரதம் 1,246 கிராம், டி.டி.என். 6.4 கிலோ. தேவைக்கும் வரவுக்கும் கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது.

இந்தத் தொட்டியில் மூட்டையை மட்டும் 24 சதவீதத்துக்கு மாற்றினால் என்ன ஆகும்? அதே 4 கிலோவில் 160 கிராம் புரதம் கூடும். புரதக் கணக்கில் மட்டும் பார்த்தால் கிட்டத்தட்ட 1.9 லிட்டர் பால் கூடுதலாக வர வேண்டும். ஆனால் அந்த 1.9 லிட்டரைச் சுரக்க இன்னும் 600 கிராம் டி.டி.என். வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? 20-ஐ 24 ஆக்கக் கம்பெனி செய்வது, கொஞ்சம் மக்காச்சோளத்தைக் குறைத்துக் கொஞ்சம் பிண்ணாக்கைக் கூட்டுவது. எரிசக்தி அதே இடத்தில்தான் நிற்கும். கூடுதல் 160 கிராமை மாடு உடைத்து, அம்மோனியாவாக்கி, கல்லீரலில் யூரியாவாக மாற்றி, மூத்திரத்தில் வெளியேற்றிவிடும். அப்படி மாற்றுவதற்கும் கொஞ்சம் எரிசக்தி செலவாகும். இங்கே "பால் ஏறவில்லை, சாணம் இளகியது" என்று சொன்னவர் பார்த்தது அத்தனையும் நிஜம்.

அதே மூட்டையை இன்னொரு கொட்டகைக்குக் கொண்டுபோவோம். அங்கே பசும்புல் கிடையாது. 8 கிலோ வைக்கோலும் 3 கிலோ மக்காச்சோள மாவும்தான் தொட்டியில். வைக்கோலில் 250 கிராம், மாவில் 270 கிராம், மொத்தம் 520 கிராம் புரதம். 10 கிலோ உலர்பொருளில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். மாட்டின் மொத்தத் தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால், ரூமென் என்ற முதல் வயிற்றில் நார்ச்சத்தை உடைக்கும் நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும். வைக்கோல் உள்ளே போகும், ஆனால் சீக்கிரம் உடைந்து நகராது. வயிறு நிறைந்தே இருப்பதால் மாடு அதற்கு மேல் தின்னாது. எலும்பு தெரிய நிற்கும் மாட்டின் வயிறு மட்டும் பெருத்திருப்பது இதனால்தான். இந்த மாட்டுக்கு ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கு கூடுதலாகப் போனால் 400 கிராம் புரதம் ஏறும், மொத்தம் 8 சதவீதத்தைத் தாண்டும். நுண்ணுயிர்கள் பெருகும், அதே வைக்கோல் கூடுதலாகச் செரிக்கும், மாடு கூடுதலாக வைக்கோல் தின்னும். புரதம் போட்டதால் எரிசக்தியும் சேர்ந்து ஏறியது. பால் ஏறத்தான் செய்யும். 24 சதவீத மூட்டையும் இங்கே ஏதோ ஒரு அளவுக்கு இதே வேலையைத்தான் செய்யும்.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. ஈன்று முதல் இரண்டு மாதம், நல்ல கறவை மாடு தின்பதை விடக் கூடுதலாகக் கறக்கும். எரிசக்திப் பற்றாக்குறையை உடம்புக் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டும். ஆனால் புரதத்துக்கு அப்படிப் பெரிய சேமிப்பு உடம்பில் கிடையாது. தசையிலிருந்து எடுக்கலாம், கொஞ்சம்தான். அந்த நாட்களில் நல்ல தரமான புரதம் கூடுதலாகக் கொடுத்தால் பாலில் தெரியும். கூடவே உடம்பு வேகமாக இளைக்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரூமெனில் உடைவதும் உடையாமல் தப்புவதும்

மாடு தின்னும் புரதத்தில் பெரும்பகுதி நேராகக் குடலுக்குப் போவதில்லை. ரூமெனில் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியா வரை உடைத்து, அந்த அம்மோனியாவைக் கொண்டு தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்கின்றன. அவை குடலுக்கு அடித்துச் செல்லப்பட்டுச் செரிக்கும்போது மாட்டுக்குக் கிடைப்பதுதான் உண்மையான புரதம். தரத்தில் அது உயர்ந்தது. அமினோ அமிலச் சேர்க்கையில் பால் புரதத்துக்கு மிக அருகில் நிற்பது. ஆனால் அதன் அளவுக்கு எரிசக்திதான் உச்சவரம்பு வைக்கிறது: ஒரு கிலோ டி.டி.என்.-க்கு ஏறக்குறைய 130 கிராம் நுண்ணுயிர்ப் புரதம். மேலே பார்த்த 6.4 கிலோவுக்கு 830 கிராம் அளவில் முடிந்துவிடும். அதற்கு மேல் ரூமெனில் உடையக்கூடிய புரதத்தை எவ்வளவு கொட்டினாலும் அது அம்மோனியாவாகத்தான் கசியும்.

அதனால்தான் அதிகம் கறக்கும் மாட்டுக்கு "பைபாஸ் புரதம்" என்ற பேச்சு வருகிறது. ரூமெனில் உடையாமல் தப்பிக் குடலில் செரிக்கும் பகுதி. கடலைப் பிண்ணாக்கும் கடுகுப் பிண்ணாக்கும் ரூமெனில் வேகமாக உடைபவை. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவற்றில் தப்பும் பங்கு கூடுதல். எட்டு, பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இதைப் பற்றிக் கவலைப்பட அவசியமே இல்லை; நுண்ணுயிர்ப் புரதமும் தீவனத்தில் இயல்பாகத் தப்பி வருவதும் போதும். அந்த மாட்டுக்குப் பைபாஸ் தீவனம் விற்பவர் தன் வியாபாரத்தைப் பார்க்கிறார் என்பது என் கணிப்பு. பதினைந்து, இருபது லிட்டரைத் தாண்டும்போதுதான் அதன் அருமை தெரியும்.

யூரியா, கருகிய பிண்ணாக்கு

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 6.25-ஆல் பெருக்கினால் 287. அதாவது 100 கிலோ கலவையில் ஒரு கிலோ யூரியா விழுந்தால் சோதனையில் புரதம் கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறிக் காட்டும். 20 என்று காட்டும் தீவனத்தில் 2 கிலோ யூரியா இருந்தால் இயற்கைப் புரதம் 14-தான். யூரியா விஷம், மோசடி என்று ஒரேயடியாகத் தள்ளுவதும் சரியில்லை. ரூமெனில் அதுவும் அம்மோனியாவாகித்தான் உடைகிறது. வைக்கோலும் மாவும் தின்னும் வளர்ந்த மாட்டுக்கு அளவோடு, வெல்லப்பாகு மாதிரி சீக்கிரம் கரையும் சர்க்கரைச் சத்தோடு கொடுத்தால் பயன்படும். வைக்கோலை யூரியாவில் பதப்படுத்துவது இதைவிட நல்ல வழி: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கு அடுக்காகத் தெளித்து மிதித்து, பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள். திறந்து, வாடை போகும்வரை ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். 3.5 சதவீதமாக இருந்த புரதம் இரண்டு மடங்குக்கு வரும், நாரும் தளரும்.

ஆபத்து வருவது கட்டி உடையாத யூரியாவில். கலவையில் ஒரு கைப்பிடி ஓரிடத்தில் தேங்கி, பசியோடு இருந்த மாடு அதைத் தின்றால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வயிறு ஊதும், வாயில் நுரை தள்ளும், உடம்பு நடுங்கும், கால் தள்ளாடும். வினிகரைக் குளிர்ந்த தண்ணீரோடு கொடுப்பது முதலுதவி, அதுவும் மாடு விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும். கால்நடை மருத்துவரை அதற்கு முன்பே கூப்பிட்டிருக்க வேண்டும். ரூமென் வளராத கன்றுக்கு யூரியா கூடவே கூடாது. ஆறு மாதம் வரை அந்தப் பேச்சே வேண்டாம். வறுக்காத சோயாவோடும் சேர்க்கக் கூடாது, அதிலுள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை ஒரே வீச்சில் அம்மோனியாவாக உடைத்துவிடும். அடர்தீவனத்தில் 1 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது பத்திரம்.

அதே யூரியேஸைக் கொண்டே மூட்டையில் யூரியா இருக்கிறதா என்று வீட்டில் பார்க்கலாம். ஒரு கை தீவனத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை இரண்டு பாட்டிலில் பாதிப் பாதியாக ஊற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் வறுக்காத சோயா மாவு ஒரு ஸ்பூன். இரண்டையும் மூடி, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் திறந்து முகர்ந்தால், யூரியா இருக்கும் தீவனத்தில் சோயா போட்ட பாட்டில் மட்டும் மூக்கைச் சுருக்கவைக்கும் அம்மோனியா வாடை அடிக்கும். ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை வாயருகே பிடித்தால் நீலமாகும். வறுத்த சோயா, எண்ணெய் எடுத்துச் சூடேற்றிய சோயாத் தூள் எதுவும் உதவாது, நொதி செத்திருக்கும். இதில் இருக்கிறது, இல்லை என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு என்பதற்கு ஆய்வகம்தான்.

யூரியாவைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக் கருகிய பிண்ணாக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. செக்கில், எக்ஸ்பெல்லரில் சூடு மிதமாக ஏறினால் நல்லது, தப்பும் புரதம் கூடும். அளவு மீறினால் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு பிணைந்து, நார்ப்பகுதியோடு ஒட்டிக்கொண்டு, ரூமெனிலும் உடையாது, குடலிலும் செரிக்காது. வந்த வழியே சாணத்தில் போகும். கெல்டால் சோதனையிலோ ஒரு கிராம்கூடக் குறையாது! 40 சதவீதப் பிண்ணாக்கு 40-ஆகவே காட்டும். இதைப் பிடிக்க அமில நாரில் ஒட்டிய நைட்ரஜனைத் தனியாக அளக்க வேண்டும். ஆய்வகத்தில் அதை ஏ.டி.ஐ.என். என்பார்கள். மொத்த நைட்ரஜனில் அது பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சரக்கைச் சந்தேகிக்கலாம். கண்ணுக்கும் மூக்குக்கும் கிடைக்கும் தடயமும் உண்டு: வழக்கத்தை விட அடர்ந்த காப்பி நிறம், புகையிலையோ கருகிய சர்க்கரையோ போன்ற வாடை. மாடுகள் அந்த வாடையை விரும்பித் தின்னவும் செய்யும், ஏமாந்துவிடக் கூடாது.

பூஞ்சணமும் இப்படித்தான். ஈரம் பட்ட கடலைப் பிண்ணாக்கிலும் பருத்திக்கொட்டையிலும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நச்சு வந்தால் அதில் ஒரு பகுதி பாலிலும் இறங்கும். புரத எண் அதைப் பற்றி வாயே திறக்காது.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது

ஒரே மூட்டையின் மேல்வாயிலிருந்து ஒரு கை அள்ளி அனுப்பினால் வரும் முடிவு அந்தக் கைக்கு மட்டும்தான் பொருந்தும். தூள் கீழே இறங்கும், உமி மேலே நிற்கும். நாலைந்து மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்து, சுத்தமான தாளில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை எடுத்து மறுபடி கலந்து, அரை கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். காற்றுப் புகாத பையில் கட்டி அன்றைக்கே அனுப்பினால் ஈரம் மாறாது. புரதம் மட்டும் கேட்டால் புரதம் மட்டும்தான் வரும். ஈரம், நார், கொழுப்பு, யூரியா, அமிலத்தில் கரையாத சாம்பல் எல்லாம் சேர்த்துக் கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மணலைக் காட்டிக்கொடுக்கும். பிண்ணாக்கு என்றால் ஏ.டி.ஐ.என். செய்வார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். அரை சதவீதம், முக்கால் சதவீதம் முன்பின் வருவது சகஜம், அதற்காக யாரோடும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

பால் சோதனைச் சீட்டிலும் விஷயம் இருக்கிறது. பாலில் புரதம் குறைந்தால் தீவனத்தில் புரதத்தைக் கூட்டுவதுதான் பலருக்கு முதலில் தோன்றும். பெரும்பாலும் குறைவாக இருப்பது எரிசக்தி. நுண்ணுயிர்கள் பெருக வழியில்லாமல் பால் புரதம் இறங்கியிருக்கும். பாலின் யூரியா நைட்ரஜனையும் சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாகும். டெசிலிட்டருக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்றால் நிம்மதி. 20-ஐ நெருங்கினால் புரதம் வீணாகிறது, சினை பிடிப்பதிலும் தடங்கல் வரலாம். 8-க்குக் கீழே என்றால் ரூமெனுக்கே நைட்ரஜன் போதவில்லை. சீட்டு இல்லாதவர்களுக்குச் சாணம் உண்டு: வைக்கோல் துண்டுகள் முழுசாகத் தெரிய, அடுக்கடுக்காகக் கெட்டியாக விழுந்தால் புரதம் பற்றவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். தண்ணீராக இளகி, கொட்டகையில் காலையில் கண்ணெரியும் அம்மோனியா வாடை நின்றால் மிதமிஞ்சிப் போகிறது.

மாற்றிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், ஈன்று இரண்டு மாதத்துக்குள் இருக்கும் மாட்டை அதற்கு எடுக்க வேண்டாம். அதன் பால் எந்தத் தீவனம் போட்டாலும் ஏறிக்கொண்டிருக்கும் காலம் அது. மூன்று முதல் ஆறு மாதக் கறவையில் இருப்பது சரியாக வரும். புல், வைக்கோல், தண்ணீர், கறக்கும் நேரம் எதையும் மாற்றாமல் முதல் இரண்டு வாரம் பழைய மூட்டை, ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றி இரண்டு வாரம் புதியது, மறுபடி பழையதற்குத் திரும்பி இரண்டு வாரம். பாலையும் தொட்டியில் மிஞ்சியதையும் தினமும் எடைபோட்டு எழுத வேண்டும். அந்தப் பருவத்தில் பால் தானாகவே மாதத்துக்கு எட்டு, பத்து சதவீதம் இறங்கும். அதனால் நடு இரண்டு வாரத்தின் சராசரியை முன்னும் பின்னும் வந்த இரண்டு சராசரிகளின் நடுப்புள்ளியோடு ஒப்பிட்டால்தான் மூட்டை செய்த வேலை தனியாகத் தெரியும்.